ஐநூறு சொல்லு எழுதும்வரை

யாழ்ப்பாணம் போகும் பேருந்து புத்தூரில் நின்றபோது, எனக்கு முன் இருக்கையில் மடிக்கணினிப் பையை அணைத்தபடி இருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

“ஐநூறு சொல்லு எழுதும்வரைக்கும் அது என்னை வெளியிலை விடாதடி.”

“எது?”

“எழுதுறதுக்கெண்டு புதுசாப் போட்ட செயலி. வெறும் வெள்ளைத் திரை. நேரம் பாக்க மணிக்கூடும் இல்லை, வேறை ஒண்டும் திறக்கவும் ஏலாது. போனையும் நிப்பாட்டி வைச்சிட்டன்.”

“நல்லதுதானே.”

“என்ன நல்லது? கனடாவிலை இருந்து அண்ணை அம்மாவோடை கதைக்கிறது என்ரை கம்பியூட்டரிலைதான். நேற்று எடுத்து எடுத்துப் பாத்தும் கிடைக்காமல், அம்மாவுக்கு என்னவோ ஆச்செண்டு பயந்து பக்கத்து வீட்டுக்கு எடுத்திருக்கிறார். அந்த மாமா வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வாறார்.”

“அம்மா எங்கை?”

“அண்ணை எடுப்பாரெண்டு நல்ல சீலை உடுத்து, என்ரை அறைக் கதவடியிலை கதிரை போட்டு இருந்திருக்கிறா. நான் எழுதுறனெண்டு கூப்பிடேல்லையாம்.”

பேருந்து புறப்பட்டது.

“அப்பிடி என்னதான் எழுதினனீ?”

“போட்டிக்கு ஒரு சிறுகதை. வெளிநாட்டு மகன்ரை போன் கோலுக்குக் காத்துக்கொண்டிருக்கிற ஒரு தாயைப் பற்றி.”