நாலு டப்பா அடுப்பு

“சோலார் அடுப்புல மூணு டப்பாவுல வெறுந்தண்ணிதான் வைக்கிறேன்க்கா.”

காரைக்குடி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு கல்லூரி மாணவி பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்.

“வெயில்ல வைக்கிற அடுப்பா?”

“ஆமா. விறகும் கேஸும் எரிச்சுத்தான் பூமி சூடாகுதுன்னு படிக்கிறோம். அதில்லாம சோறாக்க முடியுதான்னு பாக்குறேன். இந்த அடுப்புல நாலு டப்பா வைக்கலாம். எனக்கு ஒண்ணு போதும்.”

“வீட்டுல யாரும் இல்லையா?”

“எல்லாரும் மெட்ராஸ் போயிட்டாக. டப்பாவக் காலியா வைக்க மனசு வரலை.”

“ஞாயித்துக்கெழம நான் வாரேன். எனக்கும் ஒரு டப்பாவுல அரிசி போடும்மா.”

“நெசமா வாரீகளாக்கா? பருப்பும் வைக்கிறேன்.”

கோவிலூரில் அந்த அம்மாள் இறங்கினார். பஸ் கிளம்பிய பிறகு மாணவி ஜன்னலில் தலையை நீட்டி, “செக்காலையில பச்சக் கதவு வீடுக்கா” என்றாள்.

அந்த அம்மாள் திரும்பவில்லை.