பாலத்துக்கு எத்தனை வளைவு

ஓக்லாந்து மழையைக் குறை சொல்பவர்கள் வேல்ஸில் வாழ்ந்து பார்த்ததில்லை. இங்கே பெய்து முடிந்தால் வெயில் வரும். நானும் என் கணவர் டொக்டர் சதாசிவமும் இருந்த மலைக்கிராமத்தில் மழை விட்டால் மூடுபனி வரும், அவ்வளவுதான். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள், நன்றி. ஆங்கிலத்தில் எழுதினால் நான் ஏதோ அவசரத்தில் செய்தது போலத் தோன்றிவிடும்.

அறுபது வீடுகள் உள்ள ஊர். கூரைக்குக் கல் வெட்டும் ஒரு குவாரி, ஒரு சேர்ச், ஒரு தபால்கந்தோர். செவ்வாய்க்கிழமை ஆட்டு மந்தை தெருவை அடைத்துக்கொண்டு சந்தைக்குப் போகும். புதன்கிழமை ஆண்கள் கூடிப் பாட்டுப் பழகுவார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் துணி காயப்போடக் கூடாது. நான் முதல் ஞாயிறே போட்டு ஊர் வாயில் விழுந்தேன்.

நான்கு வருடம் என் கணவர்தான் அங்கே டொக்டர். ஒன்பது பிள்ளைகள் அவர் கையில் பிறந்தார்கள். 1975இல் தபால்கந்தோரை நடத்திய ஹியூஸ், டொக்டர் குடித்துவிட்டு நோயாளி பார்க்க வருகிறார் என்று மேலிடத்துக்கு எழுதினார். வாயில் ஒரு சொட்டு வைக்காத மனுசன் என் கணவர். பச்சைப் பொய். விசாரணைக்கு ஊரிலிருந்து ஒருவர்கூட வந்து அவருக்காகக் கதைக்கவில்லை. வேலை போனது. எட்டு மாதத்தில் மாரடைப்பில் அவரும் போனார். எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருடம் ஆகியும் ஆறவில்லை.

1996இல், இங்கே ஓக்லாந்தில் மாசி என்ற பகுதியில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்துக்கு ஹியூஸ் என்றொருவர் வந்தார். அதே ஊர்க்காரர். எண்பத்தொரு வயது. இங்கே கூட்டிவந்த மகன் இறந்துவிட்டதால் மருமகள்தான் பொறுப்பு. நகரின் மறுகோடியில், பாட்டனி டவுன்ஸில் இருந்த அந்த நியூசிலாந்துக்காரி வேல்ஸைக் கண்டதே இல்லை. கிழவருக்குக் கண் ஏறக்குறைய தெரியாது. மூளையில் ஒரு குறையும் இல்லை. நான் டொக்டரின் மனைவி என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பின்னேரம் மூன்று மணிக்குத் தோட்டத்தில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே வாயாலேயே அந்த ஊரைச் சுற்றுவோம். பாலத்தில் தொடங்குவார். அதற்கு அடியில் இரண்டு கல் வளைவு. பிறகு சேர்ச், அதன் வடக்குச் சுவரில் மணிக்கூடு. பின்னால் ஒரு பெரிய மரம், அதன் அடியில் மனைவியின் கல்லறை. கண் தெரியாதவருக்கு மிஞ்சியது அந்த ஊர் ஒன்றுதான்.

"மூன்று வளைவு, மிஸ்டர் ஹியூஸ்" என்றேன் ஒருநாள். சிரித்தார். மறுநாளும் மூன்று என்றேன். அடுத்த மாதம் அவரே மூன்று என்றார். பிறகு சேர்ச்சில் மணிக்கூடே இருந்ததில்லை என்று அதை எடுத்தேன். ஆட்டு மந்தையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன். குரலை ஒருநாளும் உயர்த்தவில்லை. சாப்பாடு சூடாகத்தான் கொடுத்தேன்.

என்னோடு வேலை செய்த யோகராணி கேட்டாள், "அக்கா, அந்த மனுசன் உங்களோட கதைச்சு முடிஞ்சா ஏன் இப்பிடி நடுங்குறார்?"

"வயசு போனா அப்பிடித்தான் பிள்ளை."

மாமா தன் ஊரையே மறக்கிறார் என்று மருமகளிடம் சொன்னதும் நான்தான். சோதிக்க வந்த டொக்டர் ஊரைப் பற்றிச் சொல்லும்படி அவரைக் கேட்டார். சரியா பிழையா என்று சொல்ல என்னைப் பக்கத்தில் இருத்தினார். சரியாகச் சொன்னவற்றையும் வாய் கூசாமல் பிழை என்றேன். கதவு பூட்டிய பகுதிக்கு அவரை மாற்றினார்கள். அதன் பிறகு அவர் தோட்டத்துக்கு வரவில்லை.

அங்கே வைத்து ஒருநாள் மெல்லக் கேட்டார்: "எனக்கு மனைவி என்று ஒருத்தி இருந்தாளா?"

"எனக்குத் தெரிந்தவரை இல்லை" என்றேன். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அன்று எனக்கு நல்ல நித்திரை.

பிறகு வேல்ஸிலிருந்து மருமகளுக்குப் பழைய படங்கள் வந்தன. பாலம், மணிக்கூடு, கல்லறை என்று டொக்டரிடம் நான் பிழை என்றவை எல்லாம் அவற்றில் இருந்தன. அதனால்தான் நீங்கள் வந்தீர்கள்.

கடிதம் எழுதிய ஹியூஸ் இவர்தானா என்று நேற்றுக் கேட்டீர்கள். அந்த ஊரில் பாதிப்பேர் ஹியூஸ். ஆகவே தொழிலைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்: தபால் ஹியூஸ், கரி ஹியூஸ், பால் ஹியூஸ். இவர் பால் ஹியூஸ். வந்த முதல் கிழமையே எனக்குத் தெரியும். தபால் ஹியூஸ் 1980இலேயே செத்துவிட்டார் என்று இவரே சொன்னார். ஊர் எங்களோடு பேச்சை நிறுத்திய பிறகும் வாசலில் நின்று என் கணவருக்குக் காலை வணக்கம் சொன்னவர் இவர் ஒருவர்தான். அதுவும் எனக்கு மறக்கவில்லை. விசாரணைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பயந்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள்" என்றார். மன்னித்தேன். மறுநாள்தான் தொடங்கினேன்.

செத்தவனிடம் போய் நான் எதைப் பிடுங்குவது? அந்த ஊரில் என் கைக்கு எட்டியவர் இவர்தான். நல்ல மனுசன். இல்லாவிட்டால் நான் சொன்னதையெல்லாம் நம்பியிருப்பாரா?