புல் வெட்டாத வீடு

லொரெய்ன்: நாயைத் தேடுறவன் எதுக்குப்பா கூரையை போட்டோ எடுக்குற? உன் நாய் பறக்குமா?

வில்மர்: இல்லம்மா... அது வந்து...

லொரெய்ன்: முதல்ல நீ யாருன்னு சொல்லு.

வில்மர்: வில்மர். இருபத்தாறு வயசு. ஹோண்டுராஸ்ல இருந்து வந்தவன். இதே கிளீவ்லேண்ட்லதான், ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன்.

லொரெய்ன்: நாய் பேரு?

வில்மர்: நாயா... பெப்பே.

லொரெய்ன்: நல்லா யோசிச்சுதான் வச்சிருக்க. போன வாரம் ஒருத்தன் பூனையைத் தேடி வந்தான். அவனும் கூரையைத்தான் பாத்தான்.

வில்மர்: நெஜமாவே நாய்தாம்மா... கறுப்பு நாய்.

லொரெய்ன்: நான் தவணை கட்டல, என் வீட்டுக் கடன் பத்திரத்தை பேங்க் யாருக்கோ விக்குது. அது எனக்குத் தெரியாதா? வாங்க வர்றவன் கதவைத் தட்டினா என்ன, கையா தேஞ்சிடும்?

வில்மர்: தட்டக் கூடாதுன்னு, கடன் பத்திரம் வாங்கக் கத்துக் குடுக்குற கிளாஸ்ல சொன்னாங்கம்மா.

லொரெய்ன்: இதுக்கு கிளாஸ் வேறயா! பெப்பேயும் அங்க படிச்சவனா?

வில்மர்: கிண்டல் பண்ணாதீங்கம்மா... ஒண்ணு கேக்கட்டுமா? புல்லு முட்டி வரைக்கும் நிக்குது. ஜன்னலெல்லாம் மூடிக் கிடக்குது. நீங்க... வீட்டை விட்டுப் போறீங்களா?

லொரெய்ன்: போனா உனக்கென்ன?

வில்மர்: போயிடாதீங்கம்மா!

லொரெய்ன்: அடப்பாவி, கண்ணு கலங்குது! என்னை அவ்வளவு பிடிச்சுப் போச்சா?

வில்மர்: பத்திரத்தை வாங்கினதே நான்தாம்மா... நேத்து. இனி உங்க தவணை பேங்குக்கு இல்ல, எனக்குத்தான் வரணும். ஆளில்லாத வீடு, பாழாப் போச்சுன்னு பேங்க் பாதி விலைக்கும் கீழ தள்ளி விட்டுச்சு. ஆசையில வீட்டைப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். கூரை வேலை செஞ்சு சேத்த காசு... அக்கா காசும் இருக்கு.

லொரெய்ன்: பாதிக்கும் கீழயா?

வில்மர்: ஆமா... நீங்க போயிட்டா யாரு கட்டுவா?

லொரெய்ன்: தவணையைக் குறைங்கன்னு பேங்க்ல எவ்வளவோ கெஞ்சினேன். காதுலயே போட்டுக்கல. நீ பாதியாக்கு. மாசம் தவறாம கட்டுறேன். உனக்கும் நட்டமில்ல.

வில்மர்: நெஜமாவா? அப்ப இங்கயே இருப்பீங்களா? சரிம்மா... பாதியே போதும். எழுதியே தர்றேன். ஆனா கட்ட மனசிருக்கிறவங்க, வீட்டை ஏன் இப்படி காடு மாதிரி...

லொரெய்ன்: பின்ன, பூத்தொட்டி வச்சு அழகு பண்ணியிருந்தா பேங்க் உனக்கு மலிவா தந்திருக்குமா? அதுக்காக பக்கத்து வீட்டுக்காரிகிட்ட நான் வாங்காத பேச்சில்ல. பின்னால ஷெட்ல மெஷின் இருக்கு... கொஞ்சம் அந்தப் புல்லை வெட்டிக் குடுத்துட்டுப் போ தம்பி.