பூபாலனைப் பற்றி ஒரு திருத்தம்

நீங்கள் தொகுக்கும் வெள்ளிவிழா மலர் அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, முனீஸ். அதற்காகத்தான் வரச் சொன்னேன். காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். ஃபோனில் பதிவு செய்வதானால் செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

டாக்டர் பூபாலனைப் பற்றி நான் கொடுத்த நினைவுக் கட்டுரையில் 'திடீர் மாரடைப்பால் காலமானார்' என்று இருக்கிறது. அது திடீரென்று நடக்கவில்லை. ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. நான் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் நம் கல்லூரியில் பல வருஷம் எனக்கு ஜூனியர். எங்கள் பேட்ச் கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதே ஆத்தப்பன் என்று ஒருவன் தாராபுரம் ரோட்டில் பஸ் மோதிச் செத்துப் போனான். இரங்கல் கூட்டத்தில் யாருக்கும் பேச வாய் வரவில்லை. நான் எழுந்து பேசினேன். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. வருஷாவருஷம் பேட்ச் கூடும்போது, இறந்தவர்கள் படத்துக்கு முன் விளக்கேற்றியதும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் ஒருநாளும் பொய் பேசியதில்லை. குடியில் வீணாய்ப் போனவனுக்கும், கொட்டுகிற மழையில் போய்ப் பார்த்த ஒரு பிரசவமாவது இருக்கும். அதை எடுத்துச் சொல்வேன். வீட்டார் அழுதுகொண்டே நிமிர்ந்து உட்காருவார்கள்.

பேட்சின் வெள்ளிவிழா வந்தபோது, எங்களோடு படித்த சித்ரகலா ஒரு யோசனை சொன்னாள். செத்தவர்களைப் பற்றியே பேசுகிறோம், இந்தத் தடவை உயிரோடு இருக்கும் ஒருவரைக் கௌரவிக்கலாம் என்றாள். எல்லோரும் ஒரே குரலில் பூபாலன் என்றார்கள். பேச வேண்டியது நான்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். நான் கோல்டு மெடல். இதய நிபுணர் என்றால் திருப்பூரில் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். பூபாலன் அரியர் வைத்துத் தட்டுத்தடுமாறிப் பாஸானவன். நல்லூரில் ஒரு தையல் யூனிட்டுக்குக் கீழே கிளினிக் வைத்திருந்தான். மேலே மெஷின் ஓடினால் அவன் மேஜையில் இருக்கும் தண்ணீர் அதிரும். அவனைப் பார்த்து நான் எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன், ஒரு வரி வரவில்லை. உயிரோடு இருப்பவனைப் பற்றி எப்படிப் பேசுவது? இன்றைக்கு நாம் உயர்த்திப் பேசினால் நாளைக்கே அவன் எதையாவது செய்து கெடுத்துவிடுவான். எனக்கு எரிச்சலாக இருந்தது. தூக்கம் கெட்டது.

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரம் தாண்டி, அவன் பைக்கில் என் கிளினிக்குக்கு வந்தான். ஞாயிறு என்பதால் ஸ்டாஃப் கிடையாது. டாக்டர்கள் வேறு டாக்டரிடம் டோக்கன் வாங்கி உட்கார மாட்டார்கள், தெரியுமில்லையா? பேட்ச்மேட்டிடம் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அட்மிஷன் கிடையாது, கேஸ் ஷீட் கிடையாது.

"காலையிலிருந்து தோள்பட்டை வலிக்குதுப்பா. மைதிலி பயந்துக்கறா. நீ ஒரு பார்வை பாத்துடு" என்றான். மைதிலி அவன் மனைவி.

நானே ஈ.சி.ஜி. எடுத்தேன். தாளை அவன் பார்க்கவில்லை. நம்முடையதை நாமே பார்த்தால் பயத்தில் தப்பாகப் படிப்போம் என்று எங்கள் புரொபசர் சொல்லிக்கொடுத்திருந்தார். எங்கள் பேட்சே அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். நான் பார்த்தேன். பெரிய அட்டாக். நேற்றுச் சேர்ந்த ஹவுஸ் சர்ஜனும் பார்த்தவுடன் சொல்லிவிடுவான்.

கேஸ் ட்ரபிள் என்றேன்.

அப்போது நான் எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை. அந்தச் சொல் வாயில் வந்தது. வந்த பிறகு அதை மாற்றத் தோன்றவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வயிற்றுக்கு ஒரு மாத்திரை கொடுத்து, கொஞ்சம் உட்காரச் சொன்னேன்.

"நல்லாப் பாத்தியாப்பா?"

பார்த்தேன் என்றேன். அவன் சிரித்தான். கோல்டு மெடல் சொன்னால் அப்பீல் ஏது என்றான்.

சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று பேச்சுக் கொடுத்தேன். எதற்காக நல்லூருக்குப் போனாய், ஏன் ராத்திரி வரைக்கும் கிளினிக் என்று கேட்டேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர், காய்ச்சல் என்றால் லீவு கிடைக்காது, ஷிப்ட் முடிந்து வருவதற்குள் டாக்டர் கதவைச் சாத்திவிடுவார் என்றான். "அதனாலதான் கம்பெனி விட்ட பொறகு நான் கடை தொறக்கறேன்" என்றான். நெற்றியில் வியர்வை ஓடியது. ஏ.சி.யைக் கூட்டினேன். எனக்குப் பேச்சின் முதல் வரி கிடைத்துவிட்டது.

இன்னும் கேட்டேன். சைதுன்னிசா என்று கட்டிங் மாஸ்டர் வீட்டுப் பெண்ணுக்கு டி.பி.; மாத்திரையை நிறுத்திவிடுவாள் என்று இவனே தினமும் அவள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி விழுங்க வைத்திருக்கிறான். நாளைக்கு அவளுக்குச் சளி ரிசல்ட் வரும் என்றான். விழாவில் அந்த இடத்தில்தான் மண்டபமே அழுதது. உங்களுக்கும் பிடித்ததாகச் சொன்னீர்கள்.

நடுவில் மைதிலி என் ஃபோனுக்குக் கூப்பிட்டார். கார் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, கேஸ்தான். பேசிட்டிருக்கறோம், அனுப்பி வெக்கறனுங்க" என்றேன். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

அதற்குப் பிறகு அவன் உதடு வெளுத்தது. சட்டைப் பட்டனைக் கழற்றப் பார்த்தான், விரல் ஒத்துழைக்கவில்லை.

"எனக்கென்னமோ சரியில்லப்பா. வேற எங்கியாச்சும் போயிரலாமா?"

ஆஞ்சியோ வசதியுள்ள ஆஸ்பத்திரி அடுத்த தெருவில் இருந்தது. நானே வாரம் இரண்டு நாள் அங்கே கேஸ் பார்க்கிறேன். ஒரு ஃபோன் செய்தால் ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்திருக்கும். கார் சாவி என் கையில்தான் இருந்தது, அதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றேன். அவன் தலையாட்டினான். என்னை நம்பினான், அதில் சந்தேகமே இல்லை. உன்னை எல்லோரும் எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன்.

அவன் சாய்ந்த பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் முறையாகச் செய்தேன். நெஞ்சை அழுத்தினேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மரணச் சான்றிதழில் நானே கையெழுத்துப் போட்டேன். பையில் இருந்த ஈ.சி.ஜி. தாளை வீட்டில் அடுப்பில் காட்டி எரித்தேன்.

வெள்ளிவிழாவை ஒத்திவைக்கவில்லை. மாலை போட்ட படம் வந்தது, விளக்கு வந்தது. எனக்குப் பேச்சு தானாக வந்தது. அப்படியொரு பேச்சை நான் அதற்கு முன் பேசியதில்லை. நண்பனை அவ்வளவு நேசிக்காதவனால் அப்படிப் பேச முடியுமா? ஆகவே 'திடீர்' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், முனீஸ். மற்றதில் கை வைக்க வேண்டாம்.

பேசி முடித்து இறங்கியபோது மைதிலி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இல்லாமப் போயிருந்தா, அவரு என்ன ஆயிருப்பாருங்கண்ணா?"

அவர் கையை விட்டதும் கும்பிட்டேன். பிழைத்திருப்பான்.