மெத்தைக் கடைக்கு வந்த ஆம்புலன்ஸ்

யாரது அங்கே சிரிக்கிறது? பேசாமல் இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள். இது என் நண்பனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. அந்த ஆளைச் சித்தப்பா என்று சொல்லவே எனக்கு நாக்குக் கூசுகிறது.

இரவு எட்டு மணி. ஊரைத் தாண்டிப் போகும் ரோடு… ஈ, காக்கை இல்லை. அவருடைய மெத்தைக் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. மெத்தை தைக்கிற பஞ்சு அண்ணன் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"முதலாளி… ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க…"

"வெறும் கேஸ்தான்யா. சோடா குடி, சரியாப் போயிடும்."

குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. சுற்றிலும் அத்தனை மெத்தை. ஒன்றில் சாயப் போனவரைச் சித்தப்பா தோளைப் பிடித்து இழுத்தார்.

"ஐயையோ, புது மெத்தைய்யா! கறை போகாது!"

வெறுந்தரையில் கிடத்தினார். சீ… மனுஷனா அவன்? வாந்தியைக் கழுவி, நாற்றம் போக சென்ட் அடித்துவிட்டு, அப்புறம்தான் போனை எடுத்தார். வண்டி வந்தபோது அண்ணன் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அடுத்த வாரம். கடையில் சித்தப்பா தனியாக இருந்தார். மெத்தையின் பிளாஸ்டிக் உறை சரக்… சரக்… என்றது, யாரோ புரண்டு படுப்பதுபோல. குப்பென்று புளித்த வாந்தி வாடை. தொட்டுப் பார்த்தார். ஆள் நீளத்துக்கு ஈரம்… வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று.

அப்போது வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கினார்.

"முதலாளிக்கு நெஞ்சு வலின்னு போன் வந்துச்சே? கொஞ்சம் உக்காருங்க சார், பாத்துடலாம்."

"எனக்கென்னய்யா, கல்லு மாதிரி இருக்கேன்! எவனோ விளையாடியிருக்கான். கெளம்புங்க!"

வண்டி போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்தது. தாடை வலித்தது, இடது கை கனத்தது. அப்போதாவது அந்த வண்டியைக் கூப்பிட்டாரா? என் நண்பனுக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார், வீம்பு பிடித்த மனுஷன்!

நண்பன் பதறிப்போனான். "சித்தப்பா, பேசாம போனை வைங்க! நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்!"

அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். பிறகு யாரோ மூச்சு வாங்கிக்கொண்டே போனில் பேசினார்கள். அது சித்தப்பா குரல் இல்லை.

"நான் அப்பவே கூப்பிட்டுட்டேன் தம்பி… அவருதான் திருப்பி அனுப்பிட்டாரு."