பைன் காட்டுக் கூடு

தேநீருக்குச் சீனி போதவில்லை போலிருக்கிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எதிரே இருந்த பொலிஸ் அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். அவர் சிங்களத்தில் கேட்கிறார். நானும் சிங்களத்திலேயே நிதானமாகச் சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது.

நான் கோகிலா. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அம்மா இறந்த பிறகு தங்கை லோஜினியையும் நான்தான் வளர்த்தேன்.

தேயிலைக்கு மேலே பைன் காடு. அங்கே ஓர் அந்துப்பூச்சி உண்டு. அதன் புழுவுக்கு உடம்பெல்லாம் நச்சு மயிர். கூடு கட்டும்போது அந்த மயிரையும் சேர்த்தே பின்னும். அந்து பறந்த பிறகும் வெறுங்கூட்டில் நஞ்சு இருக்கும். அந்துக்கோ வாயே கிடையாது, வெளியே வந்தால் பட்டினியில் சாகும். கூட்டை விட்டு ஏன்தான் வருகிறதோ.

கூட்டைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கிய ஒரு பிள்ளைக்குப் பார்வை மங்கிப்போனது. அதன் பிறகு அது தாயின் சேலைத் தலைப்பை விடவே இல்லை. நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரக்காப்பொலயில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஜனார்த்தனனைக் கட்டிக்கொண்டு போகிறேன் என்றாள் லோஜினி.

"நான் போனா உங்களுக்கு நிம்மதிதானே அக்கா. கறியில உப்பு கூடிப்போச்சின்னு யாரு சொல்லப் போறா?"

சிரித்தேன். மறுநாள் ஒரு கூட்டை இடுக்கியால் பிடித்து, அவள் முகம் துடைக்கும் துவாயில் தேய்த்தேன். இடது கண் போனது. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் முற்றத்தில் இறங்கினாள். நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை.

ஜனார்த்தனன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். "ஒரு கண்ணு போதுங்க அக்கா. ரெண்டு கண்ணாலயும் பார்க்கிற அளவுக்கு நான் அழகில்ல."

அவள் சிரித்தாள். அவனோடு போய்விட்டாள். அவளுடைய பெட்டியை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன்.

கண்ணில் இருந்த மயிரை டாக்டர் கண்டுபிடித்தார். துவாயும் அகப்பட்டது. ஆமாம், நான்தான் செய்தேன்.

பொலிஸ் அம்மா தன் போனை மேசையில் வைத்தார். மறுமுனையில் லோஜினியின் குரல்.

"நீங்க அடுக்கின துணிய எல்லாம் பெட்டியோட எரிச்சிட்டோம். இருந்தாலும் எதையும் தொடப் பயமா இருக்கு. மூஞ்சி கழுவக்கூடப் பயம். வேற எதுலயாவது வச்சீங்களா? அத மட்டும் சொல்லுங்க அக்கா."

வேறு எதிலும் வைக்கவில்லை. அதைச் சொன்னால் அவள் பயமில்லாமல் முகம் கழுவுவாள், தூங்குவாள். பிறகு என்னை எதற்கு நினைக்கப் போகிறாள்.

போனை மெதுவாகப் பொலிஸ் அம்மாவின் பக்கம் நகர்த்தினேன்.

"அத மட்டும் கேக்காத லோஜினி," என்றேன்.