நாற்காலிக்குள் ஒரு காலி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, முன் வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருக்கும் சலவைப் பிரிவு, சமையல் பிரிவு, துப்புரவுப் பிரிவுத் தோழர்களே, கதவோரத்தில் தயங்கி நிற்கும் என்னைப் போன்ற ஒப்பந்த ஊழியர்களே, வணக்கம். கதவோரம் இருப்பவர்கள் உள்ளே வாருங்கள். இடம் இருக்கிறது.

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். இரங்கல் தீர்மானத்தைத் தட்டச்சு செய்து கொடு என்றுதான் என்னிடம் சொன்னார்கள். பேசு என்று யாரும் சொல்லவில்லை. தீர்மானத்தை அடித்து முடித்த பிறகும் கை நிற்கவில்லை. இந்த உரையையும் எழுதிவிட்டது. தலைவர் ஐயாவிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இத நான் வாசிச்சா எடுபடாதும்மா, நீயே வாசி" என்றார். அதனால் தாளைப் பார்த்துத்தான் படிக்கப்போகிறேன். கடைசிப் பக்கத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. அதற்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் அம்மா சலவைப் பிரிவில் துணி மடிப்பவர். அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். பேசுவது நான், வியர்ப்பது அவருக்கு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். இதே மருத்துவமனையின் பதிவுப் பிரிவில், ஒரு கம்பெனியின் மூலமாக, ஒப்பந்த ஊழியராக வேலை செய்கிறேன். அம்மா நிரந்தரம், மகள் ஒப்பந்தம். அரசின் பழைய கொள்கையும் புதிய கொள்கையும் எங்கள் வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகின்றன.

யாருக்காக இங்கே கூடியிருக்கிறோம்? நம் சங்கச் செயலாளருக்காக. சலவைப் பிரிவின் கொதிகலனை இயக்கியவருக்காக. இந்த ஊரில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, பாய்லர் அண்ணன் என்றால் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பிறந்ததும் அந்தக் குழந்தையைச் சுற்றிய துணி அவர் கொதிக்கவைத்த துணி அல்லவா?

"பேருதான் பாய்லர், ஆளு பச்சத் தண்ணி" என்று நாமே அவரைக் கேலி செய்திருக்கிறோம். பச்சைத் தண்ணீர்தான். ஆனால் எத்தனை நெருப்பை அந்தத் தண்ணீர் தன் மடியில் தாங்கியது என்று நமக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு மாநில அரசு, மருத்துவமனைகளுக்கான ஒதுக்கீட்டைக் குறைத்தது. சிக்கனம் என்றார்கள். மருத்துவப்படியில் கை வைத்தார்கள், ஓய்வூதியத்தில் கை வைத்தார்கள். பிறகு சலவையையும் சமையலையும் தனியாரிடம் கொடுக்கலாம் என்று ஓர் ஆணை வந்தது. அலுவலக எழுத்தர் அதைச் சலவைக்கூடத்தின் வாசலில் நின்று வாசித்தார். "நீங்கள் அனைவரும் உபரி ஊழியர்கள்" என்பது அதன் சாரம். உள்ளே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆவிச் சத்தத்தில் யாருக்கோ அது வேறு மாதிரி விழுந்துவிட்டது.

"அப்பர் ஊழியரா? நம்மளயா?"

"அப்பர்னா மேல. ரயில்ல அப்பர் பெர்த் இல்ல? அது மாதிரி."

"அப்ப சம்பளமும் மேல போகுமா?"

"போகாம? இந்தா, யாராவது டீ சொல்லுங்கடி!"

அந்த 'யாராவது' என் அம்மாதான். கூடம் முழுவதற்கும் டீ வந்தது. எழுத்தருக்கும் ஒரு குவளை கிடைத்தது. பாவம், அவர் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார். அண்ணனுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். ஆனாலும் எல்லோரும் கடைசிச் சொட்டையும் குடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு, "உபரின்னா மேல இல்லம்மா. வேண்டாததுன்னு அர்த்தம்" என்றார்.

குவளைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. அப்போது அண்ணன் தன் குவளையைக் கவிழ்த்துக் காட்டி, "குடிச்ச டீய யாராலயும் திரும்ப வாங்க முடியாது. இன்னையிலேருந்து நாம அப்பர்தான்" என்றார். அன்றிலிருந்து சலவைக்கூடத்துக்கு அப்பர் கிளாஸ் என்று பெயர். நம்மை இழித்த சொல்லை எடுத்து, துவைத்து, மடித்து, நமக்கே உடுத்திவிட்டவர் அவர்.

அதன்பின் இரண்டு வார்டுகளின் சலவையை மட்டும் சோதனையாக ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். துணி வெள்ளையாக வந்தது, வாசனையாகவும் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பரவி, தரையிலும் நோயாளிகள் படுத்தபோதுதான் சிக்கல். படுக்கைக்கு இத்தனை விரிப்பு என்பது ஒப்பந்தம். தரையில் படுப்பவருக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. ஈரமான விரிப்புகள் மூலையில் மலையாகக் குவிந்தன.

நம் ஆட்கள் சிலர் உள்ளுக்குள் மகிழ்ந்தார்கள். உண்மையைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"விடுங்கண்ணே. கம்பெனி துணிய நாம ஏன் தொடணும்? கெட்ட பேரு அவனுக்குத்தான? வரட்டும்."

அண்ணன் கொதிகலனின் வால்வில் கை வைத்தபடி சொன்னார்: "கெட்ட பேரு கம்பெனிக்கு வரும், சரி. ஈரத்துல படுத்திருக்கிறது கம்பெனி இல்லையேப்பா."

அன்று மாலை அந்த இரண்டு வார்டுகளின் துணியும் நம் கூடத்துக்கு வந்தது. துணி மூட்டைகளோடு கம்பெனியின் பெண்களும் வந்தார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்கூடத் தரப்படவில்லை என்பது அன்றுதான் நமக்குத் தெரியவந்தது. மாடிப்படிக்குக் கீழே நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அண்ணன் அவர்களை மடிப்பு மேசையருகே உட்காரச் சொன்னார்.

என் அம்மாவுக்கு வந்ததே கோபம். "நம்ம வேலைய பறிக்க வந்தவங்களுக்கு நாமளே பந்தி போடுறோமேண்ணே!"

"பசியோட பறிச்சா இன்னும் பலமா பறிப்பாங்க தாயி. சாப்பிடட்டும்."

அம்மா முதலில் சிரித்தார். பிறகு முறைத்தார். பிறகு தன் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தார். சங்கத்தில் ஒப்பந்த ஊழியர்களுக்கும் இடம் வேண்டும் என்ற பேச்சு, மேடையில் அல்ல, அந்த மடிப்பு மேசையில்தான் பிறந்தது. எதிர்ப்பு கொஞ்சமா நஞ்சமா? ஆனாலும் இன்று நான் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்.

அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்பது அண்ணிக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளச் சொல்லி அண்ணி கெஞ்சியிருக்கிறார். ஏன் போகவில்லை? அந்த ஆணையில் இன்னொரு வரி இருக்கிறது: ஓய்வினாலோ இறப்பினாலோ காலியாகும் பணியிடம் நிரப்பப்படாது, ஒழிக்கப்படும். அண்ணன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாராம்: "நம்ம வேலை பத்தினி வேலைம்மா. நான் போனா அதுவும் கூடவே போயிடும். அதான் யோசிக்கிறேன்."

இருந்தால் உபரி, இறந்தால் காலி. ஒரு மனிதரின் உழைப்புக்கு இந்த இரண்டு சொற்கள் போதுமா? நாம் அதை ஒப்புக்கொள்வோமா?

ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அண்ணன் மறைந்த மறுநாள் காலை கொதிகலனைப் பற்றவைக்கும்போது நானும் அங்கே நின்றேன். அவரோடு வேலை பார்த்த உதவியாளர் வால்வைத் திருப்பினார். ஆவி எழுந்ததும், மூட்டையைப் பிரிக்க முதலில் குனிந்தவர் கம்பெனியின் பெண்களில் ஒருவர். அவர் எடுத்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவர் என் அம்மா. விரிப்பை உதற இரண்டு பேர் வேண்டும் என்பது சலவைக்காரர்களுக்குத் தெரியும். அன்று அந்த இரண்டு பேரும் இரண்டு பக்கத்தவர்களாக இல்லை. சோதனைக்குக் கொடுத்த இரண்டு வார்டுகளையும் நம் கூடத்துக்கே திருப்பலாம் என்று கண்காணிப்பாளர் அம்மா மேலிடத்துக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி. நாளை காலை அரசுத் தரப்போடு பேச்சுவார்த்தை. சலவை நம்மிடம் இருக்குமா, இருக்காதா என்பது அங்கே முடிவாகும். அண்ணன் பற்றவைத்ததை அணையவிட மாட்டோம் என்று, அண்ணி, உங்கள் முன்னால் நாங்கள் எல்லோரும் உறுதி சொல்கிறோம்.

இனி கடைசிப் பக்கம்.

தலைவர் ஐயா அடுத்து வாசிக்கப்போகும் தீர்மானத்தை அடித்தவள் நான். அதன் கடைசிப் பத்தி இப்படி இருக்கிறது: 'அண்ணனின் நினைவைப் போற்றும் வகையில், நாளைய பேச்சுவார்த்தையில் அவருடைய நாற்காலி காலியாக விடப்படும்.' அன்பினால் எழுதிய வரி. அடிக்கும்போது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் சங்கப் பொறுப்பேற்ற நாளில் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. "நாற்காலிங்கிற வார்த்தைக்குள்ளேயே ஒரு காலி ஒளிஞ்சிருக்கு, பாத்தீங்களா? நாம எந்திரிச்சா அது உக்காந்துடும்" என்றார். அன்று நாம் கைதட்டிச் சிரித்தோம்.

ஐயா, எதிரே உட்காரப்போகிறவர்கள் யார்? காலியான இடத்தை ஒழிக்க வேண்டும் என்று எழுதியவர்கள். அவர்கள் முன்னால் நாமே ஓர் இடத்தைக் காலியாகக் காட்டலாமா?

அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள். அந்த நாற்காலியில் ஒப்பந்த ஊழியர் ஒருவர் உட்காரட்டும். வேறு யாரும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு வழிவிடுகிறேன். வராவிட்டால், கூட்டத்தில் இதுவரை வாய் திறக்காத நான் கேட்கிறேன்.

நாளைக்கு என்னை அதில் உட்கார அனுமதியுங்கள்.